அந்த இரவில் அவர் கண்ட எறும்புகள்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறை நகரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு வயது 46. தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளர். சபையின் பாடற்குழுவில் நெடுங்காலமாகப் பாடி வருபவர். திருமணமான புதிதில் கிறிஸ்துமஸுக்கும் கல்யாண விருந்துக்கும் மட்டும் குடித்தவர், இப்போது நாள்தோறும் ஒரு போத்தல் மலிவு விஸ்கியை முடிக்கிறார். யாராவது கேட்டால், கானாவூரில் இயேசுவே செய்து கொடுத்தாரே என்கிறார். ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு லெந்து காலத்திலும் பொருத்தனை செய்து நாற்பது நாள் நிறுத்துவதும், உயிர்த்தெழுதல் ஞாயிறு மதியமே மீண்டும் தொடங்குவதும் வழக்கம். சென்ற ஆண்டு முதல் வாரம் முழுவதும் தூக்கமின்றித் தவித்தார். இவ்வாண்டு லெந்து தொடக்கத்தில் நடந்த மூன்று நாள் உபவாச ஜெபத்தில் எல்லார் முன்னிலையிலும் குடியை விட்டார். இரண்டாம் நாள் கைகள் நடுங்கின; மூன்றாம் நாள் இரவு, சுவரிலிருந்து எறும்புகள் வரிசை வரிசையாக இறங்குவதாகச் சொல்லி, போர்வையால் அவற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிசாசின் கிரியை என்று சொல்லி, வந்திருந்தவர்கள் விடிய விடிய ஜெபித்தார்கள். விடிந்ததும் அவர் வெளியே போய்க் குடித்தார்; நடுக்கம் அடங்கியது. இப்போது மாமியார் குடி மறக்கும் பொடி ஒன்றை வாங்கி வந்து ரசத்தில் கலக்கச் சொல்கிறார். போதகர், அறுப்பின் பண்டிகையன்று மறுபடியும் பொருத்தனை செய்யட்டும் என்கிறார். சகோதரியின் கேள்விகள் மூன்று: குடி பாவமா, நோயா? பொடியைக் கலக்கலாமா? சபையில் எல்லாவற்றையும் சொல்லி ஜெபிக்கக் கேட்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் விடை சொல்லாமல், நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இந்த வாரத்திற்குள் முடிவு செய்ய வேண்டியது அதுதான். அந்த மூன்றாம் நாள் இரவு உங்கள் வீட்டில் நடந்தது பிசாசின் கிரியை அன்று. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரின் மூளை, மது தன்னை மந்தப்படுத்துவதற்கு ஈடாகத் தன்னைத்தானே முடுக்கி வைத்துப் பழகிவிடுகிறது. மது சட்டென்று நின்றுபோனால், அந்த முடுக்கம் மட்டும் தடுப்பாரின்றி மிஞ்சுகிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 12 மணி நேரத்திற்குள் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் சிலருக்கு இல்லாதவை கண்ணுக்குத் தெரியும்; இடமும் நேரமும் மறந்துபோகும்; காய்ச்சல் ஏறும்; நாடி தாறுமாறாக ஓடும். மருத்துவர்கள் இதனை டெலீரியம் டிரெமென்ஸ் என்பார்கள். எறும்பு, பூச்சி, எலி ஆகியவை தெரிவது இந்நிலையில் மிகச் சாதாரணம். சிகிச்சையின்றி விட்டால் உயிர் போவதும் உண்டு. ஹெராயினை நிறுத்துகிறவர் படும் வேதனையைப் பார்த்து நாம் அஞ்சுகிறோம். ஆனால் நிறுத்துவதனாலேயே உயிருக்கு ஆபத்து நேர்வது அதைவிட மதுவில்தான் அதிகம். சபையார் ஜெபித்ததை நான் குறை சொல்லவில்லை. ஜெபித்துக்கொண்டே செபராங் ஜெயா மருத்துவமனைக்கு வண்டியை எடுத்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

ஐந்து ஆண்டுகள் பொருத்தனை ஒழுங்காக நிறைவேறியதே, இந்த ஆண்டு மட்டும் ஏன் இப்படி என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். குடித்த அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடியது ஒரு காரணம். திடீரென்று நிறுத்துவதும் மீண்டும் தொடங்குவதுமாக இருப்பவருக்கு, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் எதிர்விளைவு முந்தைய முறையைவிடக் கடுமையாகும் தன்மை உண்டு என்பது மற்றொரு காரணம். சென்ற ஆண்டு தூக்கம் போனது அதன் முன்னறிவிப்பு. இவ்வாண்டு அதனோடு உபவாசமும் சேர்ந்தது. நெடுங்காலம் குடிப்பவரின் உடலில் பி1 உயிர்ச்சத்து ஏற்கெனவே வற்றிப் போயிருக்கும். அப்படிப்பட்டவரை மூன்று நாள் பட்டினி போடுவது, எவ்வளவு பக்தியோடு செய்தாலும், ஆபத்தானது. ஆகவே அடுத்த லெந்துக்கோ, அறுப்பின் பண்டிகைக்கோ, அதற்கு முந்தைய எந்த நாளுக்கோ, மருத்துவர் பாராமல் அவர் குடியை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. கிறிஸ்தவ ஆலோசகன் ஒருவன் இப்படி எழுதுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை, கோபத்தில் போத்தலைச் சிங்கில் கவிழ்த்து ஊற்றாதீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் வட்டார அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். அங்கிருந்து மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். அவருடைய முந்தைய அனுபவத்தைக் கேட்டால், மருத்துவமனையில் தங்கியே நிறுத்தச் சொல்லக்கூடும், மறுக்காதீர்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் தடுக்க டயஸிபாம் வகை மருந்தைச் சில நாட்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். பி1 ஊசியும் போடுவார்கள். இவற்றை அக்கம்பக்கத்தில் யாரிடமிருந்தோ வாங்கி வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கும் முயற்சி வேண்டாம். மதுவோடு சேர்ந்தால் அந்த மருந்து மூச்சையே நிறுத்திவிடக்கூடும். உடல் தெளிந்த பின், குடியின் ஏக்கத்தைத் தணிக்கும் நல்ட்ரெக்ஸோன், அக்காம்ப்ரோசேட் போன்ற மருந்துகளைப் பற்றி அவரே மருத்துவரிடம் கேட்கலாம். இதற்கிடையில் வலிப்போ, பிதற்றலோ, இரத்த வாந்தியோ கண்டால் 999. மலிவுச் சரக்கு என்று எழுதியிருப்பதால் இன்னொன்று: 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் என்னும் நச்சுச் சாராயம் கலந்த மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடித்த மறுநாள் கண் மங்குகிறது என்று அவர் சொன்னால், அதைப் போதைத் தலைவலி என்று தள்ளிவிடாதீர்கள்.

அடுத்து அந்தப் பொடி. வேண்டாம். பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் மாமியாருக்கும் தெரியாது. குடியை மறக்கடிப்பதாகச் சொல்லி இரகசியமாக விற்கப்படும் சிலவற்றில் டைசல்ஃபிராம் என்னும் மருந்து இருப்பதுண்டு. அது நல்ல மருந்துதான். 1940களின் இறுதியில் டென்மார்க்கில் அதன் பயன் கண்டறியப்பட்டது. உடலில் மது சிதையும்போது இடையில் உண்டாகும் அசிட்டால்டிஹைடை அது மேற்கொண்டு சிதையவிடாமல் தேக்கிவைக்கும். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, மார்பு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். இதயக் கோளாறு உள்ளவர் இறந்தும் போகலாம். ஆகவேதான், குடித்து 12 மணி நேரமாவது ஆனவருக்கு, அவருடைய முழுச் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அதைக் கொடுப்பார்கள். நாள்தோறும் குடிக்கிற மனிதரின் ரசத்தில் அவருக்குத் தெரியாமல் கலப்பது, நோக்கம் எதுவாக இருந்தாலும், நஞ்சு வைப்பதற்கு வெகுதூரத்தில் இல்லை. மாமியாரிடம் இதைக் கோபமின்றிச் சொல்லுங்கள். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் வாங்கி வந்திருக்கிறார். பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் கிடந்தவனை அவன் அறியாமலே குணமாக்க இயேசுவால் முடியாதா? முடியும். இருந்தும், குணமாக விரும்புகிறாயா என்று அவனைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார். அந்தக் கேள்வி உங்கள் கணவரிடமும் கேட்கப்பட வேண்டும்.

பாவமா, நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் சபைகளில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் அரிது. சர்க்கரை ஏறிய மூப்பரை முன்னால் அழைத்து, இனி என் இரத்தத்தில் சர்க்கரை ஏறாது என்று பொருத்தனை செய்யும்படி எந்தப் போதகரும் சொல்வதில்லை. ஆனால் அவர் ஐக்கிய விருந்தில் சர்க்கரையில்லாத தே ஓ கோசோங் கேட்காமல் இனிப்பான தே தாரிக்கை இரண்டு கிளாஸ் குடித்தால், வீட்டம்மா கண்டிக்கத்தான் செய்வார். குடிநோயும் இவ்வளவு தூரம் அப்படித்தான்: நோய் வந்ததற்காக அவரை நிறுத்தி விசாரிக்க வேண்டியதில்லை, சிகிச்சையை ஏற்பதும் அதற்குக் கீழ்ப்படிவதும் அவருடைய கடமை. இந்த ஒப்புமை ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. சர்க்கரை நோய் ஒருவரைப் பொய் சொல்ல வைப்பதில்லை. மகளின் உண்டியலை எடுத்துவிட்டு அவள் தம்பியைச் சந்தேகிக்கும்படி விட்டார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அதை நோய் என்ற ஒரு சொல்லால் மூடிவிடக் கூடாது. அவர் தெளிந்த பிறகு அந்தச் சிறுவனிடம் போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். பாவம் என்ற சொல்லை நான் அந்த இடத்திற்கென்று வைத்துக்கொள்கிறேன். நடுங்குகிற கைகளின்மேல் அதைப் போடுவதில்லை.

வேதம் இதை அறியாததன்று. நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களைப் படியுங்கள். சிவந்த கண்கள், காரணம் தெரியாத காயங்கள், விசித்திரமானவற்றைக் காணும் பார்வை, கப்பலின் பாய்மரத்தின்மேல் படுத்தவனைப் போன்ற தள்ளாட்டம், எல்லாம் அங்கே இருக்கின்றன. கடைசியில் அடிபட்டும் வலிக்காத அந்த மனிதன், எப்போது விழிப்பேன், மறுபடியும் அதைத் தேட வேண்டுமே என்கிறான். இருபது ஆண்டுகளாகக் குடிநோயாளிகளோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு, அந்தக் கடைசி வாக்கியத்தைவிடத் துல்லியமான விவரிப்பு எந்தப் பாடநூலிலும் கிடைக்கவில்லை.

கானாவூரைப் பற்றி அவர் சொல்வதற்கு, அது வெறும் பழச்சாறு என்று பதில் சொல்லாதீர்கள். பந்திவிசாரிப்புக்காரன் மணவாளனிடம் பேசுவதைப் படித்தால் அந்த வாதம் நிற்காது, அது மதுதான். சங்கீதமும் திராட்சரசம் மனிதனின் இருதயத்தை மகிழ்விப்பது என்றே பாடுகிறது. வேதம் கண்டிப்பது வெறியை. பவுல் தீமோத்தேயுவை வயிற்றுக்காகக் கொஞ்சம் குடிக்கச் சொன்ன வசனத்தையும் அவர் எடுக்கக்கூடும். அதுவரை தண்ணீர் மட்டுமே குடித்துக்கொண்டிருந்தவருக்குத் தரப்பட்ட ஆலோசனை அது. இவருடைய நிலை அதற்கு நேர்மாறானது. ஆனால் லூக்கா 7ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மையும் யோவான் ஸ்நானகனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பேசும் இடம் ஒன்று உண்டு: ஒருவர் போஜனபானம் பண்ணுகிறவராக வந்தார், மற்றவர் திராட்சரசம் குடியாதவராக வந்தார், ஊரார் இருவரையும் ஏசினார்கள். இயேசு யோவானின் வழியைத் தாழ்த்தவில்லை. உங்கள் கணவரிடம் நான் பேச நேர்ந்தால் இதைத்தான் சொல்வேன்: கானாவூர் விருந்து உண்மை; ஆனால் உங்களுக்கு வந்திருக்கிற அழைப்பு யோவானுடையது, அதில் ஒரு கிளாஸ் என்ற கணக்கே கிடையாது.

இனி அறுப்பின் பண்டிகைப் பொருத்தனை. போதகரின் நல்லெண்ணத்தை ஐயுறாமலே, இதற்கு நான் உடன்படவில்லை. நேர்ந்துகொண்டு செலுத்தாமல் போவதைவிட நேராமல் இருப்பதே நல்லது என்று பிரசங்கி எச்சரிக்கிறான். உங்கள் கணவரோ நாற்பது நாள் முடிந்ததும் ஒவ்வொரு முறையும் குடிக்குத் திரும்பி, இவ்வாண்டு பொருத்தனையையே முறித்து, கடவுளின் முகத்தைப் பார்க்கவே கூசுகிற நிலைக்கு வந்திருப்பார். நாற்பது நாள் பொருத்தனையில் இன்னொரு கோளாறும் இருக்கிறது: அதற்கு முடிவு நாள் உண்டு. அவர் லெந்து நாட்களில் குடியை விட்டிருக்கவில்லை. உயிர்த்தெழுதல் ஞாயிறு மதியத்திற்காகக் காத்திருந்தார். டப்ளின் நகரக் கூலித் தொழிலாளி மாட் டால்பட்டின் கதையை இங்கே நினைக்கிறேன். 1884இல், 28 வயதில், அவர் முதலில் மூன்று மாதத்திற்கு மட்டுமே குடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். அது முடிந்ததும் புதுப்பித்தார். பிறகுதான் ஆயுள் முழுவதற்குமாக ஆக்கினார். 1925இல் இறக்கும்வரை குடிக்கவில்லை. 1975இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. கையில் காசு இருந்தால் மதுக்கடைக்குள் கால் போய்விடும் என்று, காசில்லாமலே வெளியே போவார் என்பார்கள். உறுதிமொழியைவிட அந்த வெறுங்கை எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இதை நம் முன்னோரும் அறிந்திருந்தார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பெற்ற கூலி எந்த வாசலில் கரைந்தது என்பது என் தந்தையார் தலைமுறைக்குத் தெரியும். 1947இல் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஹார்வர்ட் தோட்டத்துத் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராக எழுந்தபோது, குடிகாரர்களை ஒவ்வொருவராக நிறுத்திச் சத்தியம் வாங்கியதோடு நின்றுவிடவில்லை. கடையையே எதிர்த்து நின்றார்கள். உங்கள் வீட்டளவில் அதைச் செய்ய முடியும். மருத்துவர் நிறுத்திய பின் வீட்டில் ஒரு துளியும் இருக்க வேண்டாம், விருந்தாளிக்கென்றும் வேண்டாம். சம்பளம் உங்கள் கணக்கில் விழ அவர் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். ஓராண்டுக்குக் கல்யாண இரவு விருந்துகளுக்குப் போகாமல், ஆலயத்தில் நடக்கும் திருமண ஆராதனைக்கு மட்டும் போங்கள். மேசைக்கு ஒரு போத்தல் வைப்பது தவிர்க்க முடியாத மரியாதையாகிவிட்ட நம் சமுதாயத்தில், மச்சான் ஊற்றிக் கொடுப்பதை மறுக்கும் பலம் முதல் ஆண்டில் யாருக்கும் இருப்பதில்லை. ரோமர் 14இன்படி, மறுப்பது அவர் பொறுப்பு, ஊற்றாமலிருப்பது மச்சானின் பொறுப்பு. திருவிருந்தில் உங்கள் சபை மதுவைப் பயன்படுத்தினால், போதகரிடம் முன்கூட்டியே சொல்லி அப்பத்தை மட்டும் பெறலாம். கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் அப்படியே பெறுகிறார்கள். மெத்தடிஸ்ட் சபைகளில் திராட்சைச்சாறு புழங்குவதற்கு இப்படிப்பட்ட கவலையே காரணம். 1869இல் வெல்ச் என்ற மெத்தடிஸ்ட் பல் மருத்துவர் சாற்றைப் புளிக்காமல் பாதுகாக்கும் வழியைத் திருவிருந்துக்காகவே கண்டுபிடித்தார்.

சபையில் எல்லாருக்கும் சொல்லலாமா என்றால், எல்லாருக்கும் வேண்டாம், சிலருக்குக் கட்டாயம். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் போகும் செய்தி எங்கெங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். யாக்கோபு குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொன்னது கூட்டத்திற்கு அறிவிக்க அன்று. போதகர், வாய் அடக்கமுள்ள ஒரு மூப்பர், உங்களுக்கென்று ஒரு பெண்மணி என மூவர் போதும். அந்த மூவருக்கும் எறும்புகள் உட்பட முழுவதும் தெரியட்டும். அதோடு, 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாகத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் கோலாலம்பூரிலும் நடக்கின்றன, இணையவழியிலும் உண்டு. ஆங்கிலம் தடையாக இருந்தால், தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கும் கூட்டங்களில் இணையவழியாகச் சேர முடியுமா என்று விசாரியுங்கள். இன்று ஒரு நாள் மட்டும் குடிப்பதில்லை என்பது அவர்களுடைய கணக்கு. நாற்பது நாள் கணக்கில் தோற்றவருக்கு அது இலகுவாக இருக்கும். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற கூட்டம் தனியே உண்டு, அது உங்களுக்கு.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் எழ முடியாத காலைகளில் தொழிற்சாலைக்கு நீங்களே அழைத்து, வயிற்றுப்போக்கு என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லிவிட்டு, மூன்று வசனம் தள்ளி, அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறார் பவுல். நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டும் ‘பாரம்’ என்றே இருப்பதால் முரண்போலத் தோன்றும்; கிரேக்கத்தில் சொற்கள் வேறு. முதலாவது ஒருவரை அமிழ்த்துகிற பெருஞ்சுமை. இரண்டாவது ஒவ்வொருவரும் தம் தோளில் கொண்டுபோக வேண்டிய மூட்டை. மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது முதல் வகை. அந்தத் தொலைபேசி அழைப்பு இரண்டாம் வகை. அது அவருடைய மூட்டை. அடுத்த முறை, ‘நீங்களே பேசுங்க’ என்று கைப்பேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். வேலை போய்விடுமோ என்ற உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் பொய் சொல்லிக் காப்பாற்றி வந்தது வேலையை மட்டுமன்று, குடியையும்தான். சனிக்கிழமை டியூஷனுக்கு மகளை அவர் காரில் ஏற்றிப் போவது இன்றோடு நிற்கட்டும். 2020 அக்டோபர் முதல், வண்டி ஓட்டுபவரின் உடலில் மதுவுக்கான சட்டவரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. பிடிபட்டால் குறைந்தது 10,000 வெள்ளி அபராதம். அபராதத்தைவிட, பின்னிருக்கையில் இருப்பது யார் என்று பாருங்கள்.

இதுவரை அவர் கை நீட்டியதில்லை, கதவை உடைத்ததோடு சரி என்கிறீர்கள். கை நீட்டினால், மனைவி கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனத்தை யாரும் உங்களிடம் எடுத்துவர விடாதீர்கள். 15999 என்ற தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் சமூகநல அதிகாரி வழியாக அவசரப் பாதுகாப்பு ஆணையும் பெறலாம்.

இதையெல்லாம் அவரிடம் எப்போது பேசுவது? போதையில் இருக்கும்போதும் வேண்டாம், நடுங்கும்போதும் வேண்டாம். ஷிப்ட் இல்லாத நாளில், காலையில் நடுக்கம் தணியும் அளவுக்குக் குடித்துவிட்டு ஓரளவு தெளிவாக இருக்கும் ஒரு மணி நேரம் இருக்கும்; அது எது என்று உங்களுக்குத் தெரியும். பிரசங்கம் வேண்டாம். ‘அன்னைக்கு ராத்திரி நீங்க பாத்த எறும்பு பிசாசு இல்லையாம், அதுக்கு மருந்து இருக்காம், என்கூட வாங்க’ என்று சொல்லுங்கள். தன்னைப் பிசாசு பிடித்தது என்று நம்பிக்கொண்டு, அந்த வெட்கத்தையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு அதைக் கேட்பதே பெரிய ஆறுதலாக இருக்கும். மறுத்தால் இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொல்லுங்கள்.

கிளினிக்குக்குப் போகும் முன், ஒரு தாளில் அந்த மூன்று நாட்களையும் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியாகக் குடித்த நேரம், நடுக்கம் தொடங்கிய நேரம், வாந்தி, வியர்வை, தூங்காத மணிகள், நாள்தோறும் குடிக்கும் அளவு, சாப்பிடும் மற்ற மாத்திரைகள். மருத்துவர் முன் அவர் எல்லாவற்றையும் குறைத்துத்தான் சொல்வார். அது அவருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. வெட்கப்பட்டு நீங்களும் எதையாவது விட்டுவிடாதீர்கள். சுவரையும் போர்வையையும் எறும்புகளையும் தாளின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அவரை வீட்டுக்கு அனுப்புவதா, வார்டில் சேர்ப்பதா என்பதை மருத்துவர் பெரும்பாலும் அந்த வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.